இடியப்பம் பிழியும் கருவி: டிசைன் கம்பெனியிடம் கொடுப்பதா, நானே முட்டி மோதுவதா?

பிறை மெக்கானிக்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்காரன். பிறைத் தொழிற்பேட்டையில் 27 வருடம் மெஷின் பராமரிப்பு வேலை. போன வருடம் ஆட்குறைப்பில் வெளியே வந்தேன். வயது 56. வீட்டுக்காரி எங்கள் தாமான் (குடியிருப்பு) முனையில் காலைப் பசியாறலுக்கு இடியப்பம் விற்கிறாள். மற்ற இனத்தவர் புத்து மாயம் என்று கேட்டு வாங்குவார்கள், நாட்டுச் சக்கரையும் தேங்காய்ப்பூவும் வைத்துக் கொடுப்போம். சாதாரண நாளில் 300 உருப்படி. சனி, ஞாயிறு என்றால் 450.

எல்லாம் கையால் பிழிவது. இரண்டு வருடமாக அவளுடைய வலது மணிக்கட்டு சரியில்லை. டாக்டர் பிழிவதை நிறுத்தச் சொன்னார். நிறுத்திவிட்டு என்ன செய்வது? ஒரு நாள் தேத்தண்ணிக் குவளையை ஒரு கையால் தூக்க முடியாமல், இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டு, "சூடா இருக்கு, அதான்" என்றாள். அன்றைக்கே பட்டறையைத் திறந்துவிட்டேன்.

முதலில் காடி (கார்) ஜாக்கியை வெட்டி ஒன்று செய்தேன். நன்றாகத்தான் அழுத்தியது, ஆனால் ஆமை வேகம். வெந்நீர் ஊற்றிப் பிசைந்த மாவைச் சூட்டோடு பிழிய வேண்டும், ஆறினால் இறுகிவிடும். பாதி பிழிவதற்குள் மாவு கல்லாகிவிட்டது. இரண்டாவது நெம்புகோல் வைத்தது. அழுத்தினால் மேசையே எழுந்து வந்தது. மூன்றாவதில் பழைய காடி வைப்பர் மோட்டாரைப் போட்டேன். 12 வோல்ட் பேட்டரி, நீண்ட திருகு, காலால் மிதிக்கும் சுவிட்ச். இதுதான் இப்போது வீட்டில் ஓடுகிறது. ஒரு முறை மாவு நிரப்பினால் ஆறு இடியப்பம். மார்ச் மாதம் பேஸ்புக்கில் நேரலையாகப் போட்டேன், அதைப் பார்த்துவிட்டு ஒன்பது பேர் "எங்களுக்கும் ஒன்று செய்து கொடுங்கள்" என்கிறார்கள்.

சரி, முறையாகவே செய்வோம் என்று கோலாலம்பூரில் ஒரு டிசைன் கம்பெனியைப் பார்த்தேன். பெயர் வேண்டாம். 6,500 வெள்ளி (ரிங்கிட்) முன்பணம் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து நாலு கலர் படம் வந்தது. பார்க்க ஹோட்டல் காப்பி மெஷின் மாதிரி அம்சமாக இருந்தது. மாவை எந்த வழியாகப் போடுவது என்று கேட்டேன். அது அடுத்த கட்டமாம், அதற்கு இன்னொரு 18,000 வெள்ளியாம். ஒருவர்கூட வந்து இடியப்பம் பிழிவதை ஒரு தடவை பார்க்கவில்லை. அதோடு விட்டுவிட்டேன்.

இப்போது பினாங்குத் தீவுப் பக்கம் இன்னொரு நிறுவனம் 46,000 வெள்ளிக்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. எட்டுக் கட்டம். மோல்டு (பிளாஸ்டிக் பாகம் வார்க்கும் இரும்பு அச்சு) செலவு அதில் சேராது. இ.பி.எப். (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். இந்த விலை நியாயமா? பேசாமல் நேராக மோல்டு பட்டறைக்கே போய்விடலாமா? காப்புரிமையை முதலில் எடுப்பதா, பிறகா? பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

காஜாங் வாசி:

எதற்கண்ணே வம்பு? கோயம்புத்தூர் பக்கத்திலிருந்து மின்சார இடியப்ப மெஷின் வருகிறதே. ஒன்றை வாங்கி அண்ணிக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். 46,000 வெள்ளிக்கு எத்தனை மெஷின் வாங்கலாம்!

பிறை மெக்கானிக்:

அதைப் பார்க்காமல் இருப்பேனா தம்பி? அவையெல்லாம் கேண்டீன், கல்யாண மண்டபத்துக்கு. இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டும். எங்களுடையது மோட்டார்சைக்கிள் பின்னால் கட்டிக்கொண்டு போகிற வியாபாரம்.

டூல்ரூம் தாஸ்:

அண்ணே, நான் மோல்டு செய்கிறவன். புக்கிட் மின்யாக் பக்கம் சின்னப் பட்டறை. என் சோற்றில் நானே மண்ணை அள்ளிப் போடுகிறேன், கேளுங்கள்: மோல்டு பக்கம் இப்போது வராதீர்கள்.

மோல்டு என்பது எல்லா முடிவும் எடுத்த பிறகு அடிக்கிற முத்திரை. இரும்பை வெட்டிய பிறகு "இந்தக் கைப்பிடியை அரை அங்குலம் தள்ளி வைக்கலாமா" என்று கேட்டால், அதற்கும் காசு, நாளும் போகும். சுவரின் கனம் ஒரே சீராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கனமான இடத்தில் குழி விழும். அச்சிலிருந்து கழன்று வர ஒன்றிரண்டு டிகிரி சாய்வு வேண்டும். இதையெல்லாம் யோசிக்காமல் படத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன். ஒன்பது பேருக்காக மோல்டு அடிப்பது, ஒன்பது இட்லிக்காக மாவு மில் வாங்குவது மாதிரி.

முதல் 20, 30 கருவிக்குத் தகடுதான் சரி. லேசரில் வெட்டி, மடித்து, வெல்டிங் வைப்பது. அந்த விஷயத்தில் பினாங்குக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் வந்ததிலிருந்து, பெரிய தொழிற்சாலைகளுக்குச் சாமான் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைகள் தீவிலும் பெருநிலத்திலும் பெருகிவிட்டன. கையில் ஒழுங்கான வரைபடம் இருந்தால் ஒரே ஒரு துண்டுகூட வெட்டித் தருகிற தௌக்கே (பட்டறை முதலாளி) கிடைப்பார்.

இனி உங்கள் கருவி. நேரலையைப் பார்த்தேன். மூன்று விஷயம் கண்ணில் பட்டது.

திருகும் அதன் நட்டும் இரண்டும் 304 ஸ்டெயின்லெஸ் என்றீர்கள். ஸ்டெயின்லெஸ்மேல் ஸ்டெயின்லெஸ் பளுவோடு உரசினால் ஒன்றோடொன்று கடித்துப் பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் காலை நாலரை மணிக்கு அப்படியே இறுகி நிற்கும், அறுத்துத்தான் எடுக்க வேண்டும். நட்டை வெண்கலத்தில் செய்யுங்கள், மாவு படாத இடத்தில் வையுங்கள்.

குழலின் உள்விட்டம் 75 மில்லிமீட்டர். அதை 60 ஆக்கிப் பாருங்கள். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் போகிறது. 60-ஐ 75-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.64. அதாவது அதே அழுத்தத்துக்கு 36 விழுக்காடு குறைந்த பலம் போதும். மாவு கொஞ்சமாகத்தான் பிடிக்கும், அது வேறு கதை.

துளைத் தட்டு எவ்வளவு கனம்? கனம் கூடக் கூட மாவு துளைக்குள் உரசிக்கொண்டு போகும் தூரமும் கூடும். பலம் அங்கேதான் வீணாகிறது. மெல்லிய தட்டாகப் போடுங்கள், அல்லது உள்பக்கம் துளை வாயைக் கொஞ்சம் அகட்டி விடுங்கள். எங்கள் அப்பாயியின் பித்தளைக் குழலில் அப்படித்தான் அகட்டியிருந்தது. எந்தக் கம்பெனி டிசைன் செய்ததோ!

கோடு போடுகிறவள்:

அங்கிள், நான் பெட்டாலிங் ஜெயாவில் பொருள் வடிவமைப்பு வேலையில் இருக்கிறேன். உங்களுக்குக் கொட்டேஷன் கொடுத்த இரண்டு பேருக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை.

முதல் கம்பெனி கொடுத்தது டிசைன் இல்லை, படம். கலர் படம் எங்கள் வேலையில் ஒரு நாள், இரண்டு நாள் சமாச்சாரம். மிச்சம் எல்லாம் முடிவு எடுப்பது: எத்தனை பாகம், எதைக் கழற்றிக் கழுவலாம், எது உடையும், உடைந்தால் யார் மாற்றுவது, கடைசியில் விலை என்ன ஆகும். 46,000 வெள்ளி அதிகமா குறைவா என்று எட்டுக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன். உண்மையிலேயே ஒரு டிசைனரும் ஒரு இயந்திரப் பொறியாளரும் நாலு மாதம் உட்கார்ந்தால் அந்தத் தொகை ஆகும்தான். ஆனால் மொத்தமாக ஒப்புக்கொள்ளாதீர்கள். முதல் இரண்டு கட்டத்துக்கு மட்டும் கையெழுத்துப் போடுகிறேன், அதன் முடிவைப் பார்த்துத்தான் மூன்றாவது என்று சொல்லுங்கள். நல்ல இடமாக இருந்தால் ஒத்துக்கொள்வார்கள்.

அதைவிட ஒரு சுலபமான பரீட்சை இருக்கிறது. "காலை நாலு மணிக்கு என் வீட்டுக்கு வாருங்கள், என் மனைவி பிழிவதைப் பாருங்கள்" என்று கூப்பிடுங்கள். வந்தால் பேசுங்கள். வீடியோ அனுப்பச் சொன்னால் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நியூயார்க்கில் சாம் ஃபார்பர் என்றொருவர். மனைவிக்கு மூட்டுவாதம், ஆப்பிள் தோல் சீவும் கத்தியைப் பிடிக்கக் கஷ்டப்பட்டார். கணவர் ஸ்மார்ட் டிசைன் என்ற நிறுவனத்திடம் போனார். அதிலிருந்து வந்ததுதான் 1990-இல் இறங்கிய ஆக்ஸோ குட் கிரிப்ஸ், அந்தத் தடித்த கறுப்பு ரப்பர் பிடி. கைவலிக்காரர்களுக்கு என்று செய்தது, எல்லாரும் வாங்கினார்கள். அந்தப் பிடியில் மோட்டார் இல்லை அங்கிள். வம்பாகக் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள்: உங்கள் கருவிக்கு மோட்டார் எதற்கு? அண்ட்டியின் கை வலிக்கக் கூடாது என்பதுதானே தேவை? மோட்டார் உங்களுக்குக் கைவந்த கலை என்பதால் அங்கே போய்விட்டீர்களோ? நாளைக்குச் சுவர்ப் பிளக்கில் சொருகும் வீட்டுச் சாமானாக விற்கப் போனால் சிரிம் தரச் சோதனை, சுருஹான்ஜாயா தெனாகா (எரிசக்தி ஆணையம்) ஒப்புதல் என்று தனி அலைச்சல் வரலாம். மோட்டாரே இல்லாவிட்டால் அந்தப் பேச்சே இல்லை.

காப்புரிமை விஷயம் அவசரம். மார்ச்சில் நேரலை போட்டது நீங்களேதான் என்பதால், மலேசியச் சட்டத்தில் அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் அந்த நேரலை உங்களுக்கு எதிராக நிற்காது. ஐரோப்பா மாதிரி இடங்களில் அந்தச் சலுகை கிடையாது, அந்தக் கதவு அன்றைக்கே மூடிவிட்டது. ஆனால் யாருக்கு ஐரோப்பாவில் இடியப்பம்? முதலில் கூகுள் பேட்டன்ட்ஸ், பேட்டன்ட்ஸ்கோப் இரண்டிலும் தேடுங்கள், காசு கிடையாது. இந்தியாவில் இதே யோசனையை யாராவது பதிந்திருக்கக்கூடும். காப்புரிமை கிடைக்கிற அளவுக்குப் பெரிய கண்டுபிடிப்பு இல்லை என்று ஏஜெண்ட் சொன்னால், மைஐபிஓவில் (நம் அறிவுசார் சொத்து அலுவலகம்) 'பெம்பாஹாருவான் உத்திலித்தி', அதாவது பயன்பாட்டுப் புத்தாக்கச் சான்று என்று இன்னொன்று இருக்கிறது. புதிதாகவும் தொழிலுக்குப் பயன்படக்கூடியதாகவும் இருந்தால் போதும். பத்து வருடம், பயன்பாட்டில் இருப்பதைக் காட்டினால் ஐந்து ஐந்தாக இருபது வரை நீட்டலாம்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரியைத் தேடிப் படியுங்கள். ஒன்று, வேலையில் உருவாகும் எல்லா உரிமையும் உங்களுக்கு என்று இருக்கிறதா. காசு கொடுத்துச் செய்யச் சொன்னவருக்குத்தான் உரிமை என்று பொதுவாகச் சட்டம் சொன்னாலும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் அதுதான் நிற்கும். இன்னொன்று, வரைபடக் கோப்புகள். வெறும் பி.டி.எஃப். கொடுத்தால் நாளைக்கு ஒரு துளையை மாற்றவும் அவர்களிடமே போய் நிற்க வேண்டும். மூலக் கோப்பும், வேறு மென்பொருளிலும் திறக்கக்கூடிய ஸ்டெப் கோப்பும் வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

சுங்கைப்பட்டாணி அக்கா:

தம்பி, நீங்கள் எல்லாம் பெரிய பெரிய விஷயம் பேசுகிறீர்கள். எனக்கு 61 வயது, முப்பது வருடமாகப் பிழிகிறேன். உங்கள் வீடியோவில் கழுவுவதைக் காட்டவே இல்லையே? மாவு காய்ந்துவிட்டால் துளையில் ஊசி போட்டுக் குத்த வேண்டும். அந்தத் திருகு பல்லுக்குள் மாவு போனால் எப்படி எடுப்பது? கரப்பான் வந்துவிடும். கழுவுவதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும் என்றால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். விலை 350 வெள்ளிக்குள் இருந்தால் எனக்கு ஒன்று, என் தங்கைக்கு ஒன்று.

பிறை மெக்கானிக்:

அக்கா, உண்மையைச் சொல்கிறேன், கழுவுவது வீட்டுக்காரி வேலை, நான் கவனிக்கவில்லை. கேட்டேன். இருபது நிமிடமாம். இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மோட்டார் எதற்கு என்ற கேள்வியைப் படித்துவிட்டுக் கோபத்தில் கணினியை மூடிவிட்டேன் மா. இரண்டு நாள் கழித்துத்தான் திரும்பத் திறந்தேன். யோசிக்கிறேன்.

பிறை மெக்கானிக் (ஐந்து மாதம் கழித்து):

அன்றைக்கு நேரம் எடுத்து எழுதிய எல்லாருக்கும் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

தீவு நிறுவனத்தை நாலு மணிக்கு வரச் சொன்னேன். ஒரு பெண் வந்தது, வயது முப்பது இருக்கும். பாலம் தாண்டி நாலேகாலுக்கு வாசலில் நின்றது. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஆறரை வரைக்கும் அதிகம் பேசவில்லை. படம்கூட எடுக்கவில்லை, கட்டம் போட்ட நோட்டில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தது. முடிவில் என் மனைவியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டது: "அண்ட்டி, இடது கை ஏன் சும்மாவே இருக்க மாட்டேங்குது?"

நானும்தான் இத்தனை வருடம் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். வலது கை பிழியும்போது அவளுடைய இடது கை பிரம்புத் தட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வட்டம் அப்படித்தான் விழுகிறது. என் மெஷினில் குழல் அசையாமல் நிற்பதால் தட்டைச் சுற்ற இரண்டு கையும் தேவைப்பட்டது, காலால் சுவிட்ச் வேறு மிதிக்க வேண்டும். அவள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு வேலை செய்திருக்கிறாள். அதோடு இன்னொன்று. மணிக்கட்டை அதிகம் பதம் பார்த்தது அழுத்துவது இல்லையாம், ஒவ்வொரு முறையும் உள்ளே ஒட்டிக்கொண்ட உலக்கையை முறுக்கி வெளியே இழுப்பதாம். கையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, எந்த இடத்தில் சுருக்கென்கிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்டது அந்தப் பெண்.

46,000-ஐப் பிரித்துக் கேட்டேன். முதல் இரண்டு கட்டம் 9,000 வெள்ளி என்று முடிந்தது. பிறகு மூன்றாவது கட்டமும் கொடுத்தேன், அது 11,500. அதோடு நிறுத்திவிட்டோம். மிச்சம் ஐந்து கட்டமும் மோல்டு, பெட்டி, விளம்பரம் சம்பந்தப்பட்டவை. இப்போது வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள்.

மோட்டார் போய்விட்டது. ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை நான். இப்போது இருப்பது நீண்ட நெம்புகோல், ஆறுக்கு ஒன்று, அதாவது ஒரு பங்கு அழுத்தினால் ஆறு பங்கு பலம். விரல் மடக்கிப் பிடிக்க வேண்டியதில்லை, முன்கையை மேலே வைத்து உடம்பைச் சாய்த்தால் போதும். தட்டு தானாகச் சுழலும் ஒரு சின்ன மணையில் உட்காருகிறது, இடது கை லேசாகத் தட்டிவிட்டால் திரும்பும். தாஸ் சொன்ன மாதிரி குழல் 60 மில்லிமீட்டர். மாவு குறைவாகப் பிடிக்கும் என்பதற்காக இரண்டு குழல், ஒன்று பிழியும்போது மற்றது நிரம்பிக் காத்திருக்கும். நெம்புகோலைத் தூக்கினால் உலக்கை தானாக மேலே வந்துவிடும், இழுக்க வேண்டாம். மேசை எழும்பாமல் இருக்க, அடித்தகடு முன்பக்கம் நீண்டு மேசை விளிம்பில் கவ்விக்கொள்கிறது. அந்தப் பெண் முதலில் இதை அட்டைப் பெட்டியிலும் மரக்கட்டையிலும்தான் செய்து காட்டியது. மூன்று அட்டை மாதிரியை என் மனைவி ஒரே காலையில் ஒடித்துப்போட்டாள், நாலாவது தாங்கியது.

கழுவ நாலு நிமிடம். கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தேன் அக்கா. திருகே இல்லை, கரப்பானுக்கும் வழியில்லை.

ஏஜெண்ட் நெம்புகோல் பழைய சங்கதி என்றார், அதற்குக் காப்புரிமை கேட்டால் நிற்காது. குழலை மாற்றிச் சொருகும் பூட்டுக்கு மட்டும் பெம்பாஹாருவான் உத்திலித்தி விண்ணப்பித்திருக்கிறோம். ஒப்பந்தத்தில் உரிமை என் பெயரில், மூலக் கோப்பு என் பென்டிரைவில். அந்த இரண்டு வரியைச் சொன்ன தங்கச்சிக்கு நன்றி. முதலில் வந்த தாளில் இரண்டுமே வேறு மாதிரிதான் எழுதியிருந்தது, கேட்டதும் மாற்றிக் கொடுத்தார்கள்.

முதல் தொகுதி 12 கருவி, புக்கிட் மின்யாக்கில் லேசரில் வெட்டியது. அடக்கமே ஒன்றுக்கு 410 வெள்ளி ஆகிறது. அக்கா சொன்ன 350 எங்கே, இது எங்கே! அடித்தகட்டில் வெல்டிங்கைக் குறைத்து மடிப்பாக மாற்றினால் கொஞ்சம் இறங்கும் என்கிறார்கள். ஆனால் 12-இல் மூன்று சரியில்லை. துளைத் தட்டில் பிசிறு நின்று நூல் அறுந்து அறுந்து விழுகிறது, பார்க்கக் கூழ் வடாம் மாதிரி இருக்கிறது. தாஸ், உங்களிடம்தான் கேட்க வேண்டும்: லேசர் உள்பக்கத்திலிருந்து போவதா, வெளிப்பக்கத்திலிருந்தா? துளை வாயை அகட்டினால் அந்தப் பிசிறும் சேர்ந்து போய்விடுமா, அல்லது தனியாகத் தேய்க்க வேண்டுமா?

அக்கா, உங்களுக்கு ஏழாம் நம்பர், தங்கைக்கு எட்டு. சனிக்கிழமை மத்தியானம் கொண்டு வருகிறேன். விலையை நேரில் பேசிக்கொள்வோம். பழைய குழலை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எட்டாம் நம்பர் தட்டில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது.